காலர்காரியின் வயிறு

புது இடம் எதற்குள் நுழைந்தாலும் காலர்காரியின் கண் முதலில் கழிப்பறைக் கதவைத்தான் தேடும். கல்யாண மண்டபமானாலும் சரி, துக்க வீடானாலும் சரி. "உள்ள இருக்கிறவங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாம எங்கடி பார்க்குறே?" என்று வீட்டுக்காரர் இடிப்பார். கதவைக் கண்டபிறகுதான் அவள் திரும்புவாள்.

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள் என்பதால் அந்தப் பெயர். அவள் தைத்த காலரின் முனை இரண்டும் அளவெடுத்தாற்போல ஒரே மாதிரி நிற்கும். பதினாலு வயதில் வந்த வலிப்புக்கு அன்றிலிருந்து மாத்திரை. அது வேலையிடத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் மிஷினில் உட்காரவிடமாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் மாத்திரையை மாற்றினார்கள். வலிப்பு நின்றது, வயிறு கெட்டது. ஒரு நாள் உப்புசம், மறுநாள் பேதி. பெரிய டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "வலிப்பு வருதா? இல்லையில்ல? அப்புறம் என்னம்மா?" என்றார். வீட்டுக்காரரோ, "வாயைக் கட்டு, வயிறு தானா அடங்கும்" என்றார். அவள் பாதி நாள் பட்டினி என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

தொழிற்சாலையில் முப்பது பேருக்கு ஒரே ஒரு மரக்கட்டை. அது சூப்பர்வைசர் மேஜையில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகவேண்டும். காலர்காரி எழுந்தாலே அவன் குரல் வரிசை முழுக்கக் கேட்கும்.

"என்னக்கா, மறுபடியுமா? பேசாம உன் மிஷினை அங்கேயே போட்டுரவா?"

எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்து மிஷின்காரியும்தான்.

சரக்கு அனுப்பும் வாரம் வந்தது. "இந்த வாரம் யாராவது சும்மா சும்மா எழுந்திரிச்சீங்க, அப்படியே வீட்டுக்குப் போயிரலாம்" என்றான் சூப்பர்வைசர். மறுநாளிலிருந்து அவள் காலை மாத்திரையை விட்டாள். ராத்திரி மாத்திரை இருக்கிறதே, ஒரு வேளை போனால் என்ன என்று அவளாகவே ஒரு கணக்கு. மூன்றாம் நாள் வயிறு அடங்கினாற்போல இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அன்று மத்தியானம் வரை எழவே இல்லை. "இப்பத்தான் வழிக்கு வந்திருக்கே" என்றான் அவன்.

நாலாம் நாள், ஓடுகிற மிஷின் மேலேயே சரிந்தாள். ஊசி விரல் நகத்தைத் துளைத்து உள்ளே முறிந்தது. கை கால் வெட்டி இழுத்ததை மற்ற எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்திருந்த சின்ன டாக்டரம்மா, "மாத்திரையை ஏம்மா விட்டீங்க?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், பதில் வரும்வரை காத்திருந்தாள். காலர்காரி எல்லாவற்றையும் சொன்னாள்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்கான நுண்ணுயிர் இருக்கு. வலிப்பு மாத்திரை சிலருக்கு அதுங்களை மாத்திரலாம்னு இப்ப ஆராய்ஞ்சுகிட்டிருக்காங்க. உங்களுக்கு அதனாலதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது. வயித்துக்கு என்ன செய்யலாம்னு பார்ப்போம்."

"இதை ஒரு தாள்ல எழுதித் தர்றீங்களா? வேலையிடத்துல காட்டணும்."

"உறுதியாத் தெரியாததை எப்படிம்மா எழுதறது?"

இப்போது அவள் இரண்டு வேளையும் மாத்திரை போடுகிறாள். வலிப்பு இல்லை. வயிறு அப்படியேதான் இருக்கிறது. தொழிற்சாலையின் பின்கட்டில், ஊசியும் கத்தரியும் இல்லாத இடத்தில், அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள். அவளுடைய மிஷினில் பக்கத்து மிஷின்காரி காலர் தைக்கிறாள்.