முதல் தீர்த்தமும் ஒன்றாம் நம்பரும்

சின்ன காஞ்சிபுரம் பூவராகவனுக்குச் சந்தேகம் என்பது பரம்பரைச் சொத்து. கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது தனக்கு முன்னால் யார் கை நீண்டது என்று பார்த்துக்கொள்வார். பெருமாளைச் சேவிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அவர் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தரும் கடை திறந்தார். எல்லா மிஷினிலும் லினக்ஸ். சும்மா கிடைத்தது என்பதாலேயே அதன்மேலும் ஒரு கண்.

ஒருநாள், நேற்று ஐந்தில் முடிந்த தன் மிஷினின் நெட்வொர்க் முகவரி இன்று ஏழில் முடிவதைக் கவனித்தார். யாரோ உள்ளே புகுந்து டிசைனைக் கிளப்பிக்கொண்டு போகிறார்கள். யாரோ என்ன யாரோ, மாகறலிலிருந்து பஸ்ஸில் வந்து டிசைன் போடும் ரேவதிதான். காலியாக இருக்கிற எண்ணை, கடைக்கே நெட் கொடுக்கிற ரவுட்டர் பெட்டியே எடுத்துக் கொடுக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். திருடிக்கு இத்தனை விவரமா என்று அவருக்குச் சந்தேகம் முற்றியது.

அன்றே தன் மிஷினுக்கு மாறாத முகவரியாகத் தானே ஒன்றை எழுதினார். கடைசி எண்? முதலாளிக்கு ஒன்றுக்குக் கீழே இறங்குவது அடுக்குமா? 192.168.1.1.

கடை முழுக்க நெட் போயிற்று. ஒரு கல்யாணப் புடவை டிசைன் மாலைக்குள் சென்னைக்குப் போயாக வேண்டும். வேண்டுமென்றே கெடுத்தவள் ரேவதி என்று தீர்ப்பாயிற்று. மாலைக்குள் நெட் வராவிட்டால் அவளிடம் இருக்கும் கடைச் சாவியை வைத்துவிட்டு நடையைக் கட்டலாம் என்று சொல்லிவிட்டார். அவள் ரவுட்டரை அணைத்துப் போட்டாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். ஒன்றும் நடக்கவில்லை.

சாப்பிடக் கிளம்பியவர், இவள் தொட்டுவிடுவாளோ என்று தன் மிஷினை அணைத்துவிட்டுப் போனார். நெட் வந்தது. டிசைன் சென்னைக்குப் போயிற்று. திரும்பி வந்து மிஷினைப் போட்டார். மறுபடி நெட் போயிற்று.

ரேவதி அவர் திரையை எட்டிப் பார்த்தாள். "சார், ஒண்ணு ரவுட்டரோட நம்பரு. எல்லாரும் வெளிய போற வாசல் அது. நீங்க அதை மறிச்சிக்கினு குந்தியிருக்கீங்க."

"அப்போ அதை மாத்து. நான் எதுக்கு மாறணும்?"

மாற்றினாள். ரவுட்டருக்கு 254, வரிசையின் கடைசி. எல்லா மிஷினும் அதன் வழியாகவே வெளியே போயின, முதலாளியுடையதும் சேர்த்து. சாவி ரேவதியிடமே இருந்தது.

மறுநாள் கோயிலில் முதல் தீர்த்தம் பூவராகவனுக்கே கிடைத்தது. வாங்கிய கையோடு திரும்பி, வரிசையின் கடைசியில் நிற்பவன் யார் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.