தகட்டுக் கொல்லை

தியாகதுருகத்துக்குக் கிழக்கே நாங்கள் களை வெட்டிவந்த மேட்டுக் கொல்லைகளை ஒரு கம்பெனி குத்தகைக்கு எடுக்கிறது என்று கேள்விப்பட்டபோது, எங்கள் செட்டில் யாரும் பயப்படவில்லை. சந்தோஷம்தான் பட்டோம். எங்கள் பக்கம் குத்தகை என்றால் ஒரே அர்த்தம்தான். ஒருவர் நிலத்தை இன்னொருவர் எடுத்துப் பயிர் வைப்பார். எடுத்தவர் நிலத்தைச் சும்மா போடமாட்டார். சொந்தக்காரரைவிட அதிகமாகப் பாடுபடுவார், அதிகமாக ஆள் கூப்பிடுவார். அதனால்தான் நிலத்தை அளக்க வந்தவரிடம் என் ஓரகத்தி நேராகப் போய்க் கேட்டாள்.

"இன்னா வெள்ளாம வெக்கப் போறீங்க?"

"சோலார்மா. கரண்ட்."

"அதுக்குக் களை வருமா?"

அவர் சிரித்துவிட்டு, வராமல் எங்கே போகும் என்றார். அவள் திரும்பி வந்து, "வேல இருக்குதாம்டி" என்று எங்களிடம் சொன்னாள். எங்களுக்கு அதற்கு மேல் விவரம் தேவைப்படவில்லை.

செட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நிலம் இல்லாத வீட்டுப் பெண்கள் பதினாறு பேர். மல்லாட்டை என்கிற நிலக்கடலையோ மரவள்ளியோ, களைக்கு ஆள் வேண்டும் என்றால் மொத்த செட்டையும்தான் கூப்பிட வேண்டும். இவள் வேண்டும், அவள் வேண்டாம் என்று பொறுக்கக் கூடாது. ஆளுக்கொரு சால் பிடித்துக் குனிந்தால், பின்தங்குகிறவளின் சாலில் இரண்டு பக்கத்துக்காரிகளும் எட்டி நாலு கொத்துப் போட்டு அவளை இழுத்துக்கொண்டு போவார்கள்.

என் ஓரகத்தியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புருஷனை இழந்தவள். கரும்பு ஏற்றும்போது டிராக்டரிலிருந்து விழுந்து அவள் இடுப்பெலும்பு உடைந்து, கோணலாகவே கூடிவிட்டது. அவள் சாலில் பாதியை எப்போதும் நானும் இன்னொருத்தியும்தான் வெட்டினோம். செட்டில் இருக்கும்வரைதான் அவளுக்குக் கூலி. தனியாகப் போனால் அரைநாள் வேலைக்குக்கூட ஒருவரும் சேர்க்கமாட்டார்கள். வாய் மட்டும் எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு ஜாஸ்தி.

வடக்கே இருந்து வந்தவர்கள் கம்பிகளை நட்டு, அதன்மேல் தகடுகளைப் பொருத்திவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். கல்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு மழை இறங்கியதும் தகட்டுக்குக் கீழே புல் கிளம்பியது. புல்லின் நிழல் தகட்டில் விழுந்தால் கரண்டு குறையுமாம். ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு பேரும் களைக்கொத்தோடு கேட்டுக்கு முன்னால் போய் நின்றோம்.

எஞ்சினியர் கோயம்புத்தூர் பக்கத்துப் பையன். எங்களைப் பார்த்து மிரண்டுபோனான். "நாலு பேர் போதுமுங்க" என்றான். கேலி பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும், வயது கம்மியாக இருக்க வேண்டும், நன்றாக நடக்க வேண்டும் என்றான். நான் பன்னிரண்டாவது படித்தவள். நாலு பேரில் ஒருத்தியானேன். போட்டோ ஒட்டிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

நாலு வேலை, பதினாறு பேர். இதற்காக நாங்கள் உட்கார்ந்து பேசக்கூட இல்லை. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர் எங்களுடையது. வேலைக்கும் முறை வைத்தோம். இன்றைக்கு என் அட்டை என் கழுத்தில், நாளைக்கு வேறொருத்தி கழுத்தில். வெயிலுக்குத் தலையையும் முகத்தையும் துண்டால் சுற்றிக்கொண்டால் எல்லோரும் ஒரே ஆள்தான். திருட்டுத்தனம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாள் நன்றாகவே போனது. அக்காவின் முறை வந்த அன்று வாட்ச்மேன் அவளை நிறுத்தினார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான்.

"இந்த அட்ட நேத்து நல்லா நடந்துகினு இருந்துச்சே" என்றார்.

எஞ்சினியர் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "இவங்களுக்கு ஷாக் அடிச்சுச்சுன்னா நான் யார் பேருல எழுதறதுங்க?" என்றான். பதினாறு பேரையும் எடுக்கச் சொல்லி மேலே கேட்டுப் பார்த்தான். இருக்கிற இடமே நாலுதான் என்று பதில் வந்ததாம். அதன்பிறகு கேட்டில் ஒரு மெஷின் வந்தது. துண்டை அவிழ்த்து முகத்தைக் காட்டினால்தான் திறக்கும்.

செட்டு அப்படித்தான் கலைந்தது. மிச்சமிருந்த கொல்லைகளில் மக்காச்சோளம். அங்கே களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். சிலர் கள்ளக்குறிச்சியில் சித்தாள் வேலைக்குப் பஸ் ஏறினார்கள், சிலர் பெங்களூருக்குப் போனார்கள். அக்காவால் எங்கேயும் போக முடியவில்லை. நூறு நாள் வேலை வந்தால் போவாள், அதுவும் எப்போதாவதுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. நிலத்துக்காரரைத் திட்டலாம் என்றால், மழை பொய்த்துப் பொய்த்து நிலத்தையே விற்க இருந்தவர் அவர். குத்தகைப் பணம்தான் அவரைக் காப்பாற்றியது. எஞ்சினியரைத் திட்டலாம் என்றால், எங்களுக்கென்று நிழலில் தண்ணீர்ப் பானை வைத்தவன். வெயிலிலிருந்து கரண்டு எடுப்பது தப்பு என்றும் நான் சொல்லமாட்டேன். வருடத்துக்கு வருடம் ஏறும் சூடு எங்கள் முதுகில்தான் முதலில் தெரிந்தது. பங்குனியிலேயே பத்து மணிக்கு மேல் குனிய முடிவதில்லை. எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அக்கா வீட்டில் அடுப்பு எரியவில்லை. நான் கொண்டுபோகிற சோற்றை வாங்கும்போது அவள் பேசுவதில்லை. வாயாடிப் பெண்பிள்ளை வாயடைத்துப்போனதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஒருநாள் காலையில் நாங்கள் உள்ளே குனிந்திருந்தபோது, கம்பி வேலிக்கு வெளியே கொத்துச் சத்தம் கேட்டது. அக்காதான். வேலியோரத்துப் புல்லை எங்கள் சாலுக்கு நேராக வெட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா பண்ற?"

"வூட்ல உக்காந்துகினு இன்னா பண்றதுடி? இந்தப் புல்லுந்தான உள்ள வெத வுடும்."

கூலி கிடையாது என்று சொன்னேன். தெரியும் என்றாள். மறுநாளும் வந்தாள். என்றைக்காவது ஐந்தாவதாக ஒரு ஆள் கேட்டால் கண்ணில் பட்டபடி இருக்கலாம் என்று நினைத்திருக்கிறாள்.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். பூமி சூடாவதைப் பற்றியும், சூரியன் கொடுக்கப்போகிற வேலைகளைப் பற்றியும் பேசினார். பேச்சு நன்றாகவே இருந்தது. பேசி முடித்து என்னிடம் மைக்கைக் கொடுத்தார்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்கம்மா?"

"களை வெட்னேங்க."

"இப்போ?"

"களை வெட்றேங்க."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவரும் சிரித்தார். பதினாறு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் மைக் பக்கத்துப் பெண்ணிடம் போய்விட்டது.

படம் எடுக்க எங்களை வேலிப் பக்கம் நிறுத்தியபோது, அவர் வெளியே பார்த்தார். "அந்தம்மாவும் நம்ம ஆளா?"

அக்கா கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். அந்த இடுப்போடு எவ்வளவு நேராக நிற்க முடியுமோ அவ்வளவு நேராக நின்றாள்.

எஞ்சினியர் என்னைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"இல்லீங்க சார். அது வேலிக்கு வெளியங்க."