பிரிக்காமல் வைத்த பெட்டி

முகில் இறங்கி மலையை முற்றாக மூடிய பொழுதிலும், உள்ளே மலை இருக்கிறது என்னும் துணிவைத் தருபவனே, வள்ளியும் தெய்வானையும் இருமருங்கும் நிற்க மயில்மீது வருபவனே, உன் பெயரைச் சொல்லிச் செய்த ஒரு பிழையை எழுத அமர்ந்திருக்கிறேன். என் பக்கம் சாயாமல் எழுத அருள்செய்.

கார்த்திகை மாதத்து வளர்பிறைச் சஷ்டியும் செவ்வாய்க்கிழமையும் கூடிய இந்நன்னாளில் தொடங்குகிறேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பிற்பகுதியில் நிகழ்ந்தது இது. இலங்கை மலையகத்தில் றொசல்லையை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், அத்தோட்டத்து முருகன் கோயிலில் காலை மாலை பதிகம் பாடி வந்தேன். தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்தில், கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர் இருந்தார். கணவரை இழந்தவர். தம் மகள் தலைப்பிரசவத்தில் உயிருக்குப் போராடிய நாளில், கோயிலுக்கு ஒரு வேல் சாத்துவதாக அவர் நேர்ந்துகொண்டார். மகளும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த நேர்த்தியில் ஒரு கட்டுப்பாடு இருந்தது.

“கடையில தொங்குற மெசின் வேலு வேணாங்க, வாத்தியாரய்யா. நான் மேலு வலிக்க ஒழைச்சுக் குடுக்கிறேன். செய்யிறவனும் மேலு வலிக்க ஒக்காந்து அடிச்சிருக்கணும். அப்படித்தான் சாமிகிட்ட சொல்லியிருக்கேன்” என்றார்.

அருகிலிருந்த ஹட்டன் நகரின் பாத்திரக் கடைகளில் இருந்தவை யாவும் அச்சில் வார்த்தவை. கைவினைஞர்கள் தாமே பொருள்களைப் படத்துடன் காட்டி விற்கும் இணையச் சந்தை ஒன்று உண்டு என்று நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டிருந்தேன். அதை நம்பி அப்பெண்மணியையும் அழைத்துக்கொண்டு ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடைக்குச் சென்றேன். தொலைபேசி, நகலெடுப்பு, இணையம் எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் முஸ்லிம் அன்பர். ஊரார் அனைவரும் அவரை நானா என்றே அழைப்பார்கள்.

தமிழகத்து விற்பனையாளர் ஒருவரின் பக்கத்தில் செம்பில் கையால் அடித்ததாகச் சொல்லப்பட்ட வேல் ஒன்று இருந்தது. பக்கத்தின் தலைப்பில் ஆறுமுகனின் படம். அவருக்கு நான் எழுதிய முதல் கடிதத்திலேயே நேர்த்தியின் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். வந்த பதிலில் வரிக்கு வரி வேலவனின் திருநாமம். ‘அந்தத் தாயின் கண்ணீர் என் உலைக்களத்தில் விழுந்ததாக எண்ணிச் செய்வேன்’ என்று எழுதியிருந்தார். என் கண்கள் நிறைந்தன.

நானாவின் கண்கள் நிறையவில்லை. அவர் வேறு பக்கங்களைத் திறந்து காட்டினார்.

“மாஸ்டர், இதே படம் இன்னும் மூணு கடையில கிடக்கு. கையால அடிச்சா ஒண்ணு போல மத்தது புள்ளி பிசகாம இருக்குமா? வாங்கின ஆக்கள் எழுதினதையும் வாசிங்க. ரெண்டு பேர் திட்டியிருக்காங்க.”

“இறைவன் பணியில் இருப்பவரைச் சந்தேகிக்கலாமா, நானா?”

“அவர் இறைவன் பணியிலயா யாவாரத்திலயா எண்டுதானே பார்க்கச் சொல்றேன்.”

எனினும் என் விருப்பப்படியே, அப்பெண்மணி கொடுத்த பணத்தைப் பெற்றுக்கொண்டு, தம் வங்கி அட்டையால் அவர் அதை வாங்கித் தந்தார். பொருள் கைக்கு வந்த இரு வாரங்களுக்குள் குறை சொன்னால் அந்தச் சந்தை பொறுப்பேற்கும் என்பதையும் இருமுறை சொன்னார்.

தைப்பூசத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கையில் பெட்டி அவர் கடைக்கு வந்து சேர்ந்தது. நானா கத்தியை எடுத்தார். நான் தடுத்தேன். கோயிலுக்கென்று வந்த பொருள் சந்நிதியில் வைப்பதற்கு முன் கடைத்தெருவில் பிறர் கண்ணில் படுவது எங்கள் வழக்கமன்று. விற்பனையாளரும் அவ்வாறே எழுதியிருந்தார்: ‘பூசை நாள் வரை பிரிக்க வேண்டாம், புனிதம் குலையும்.’ எத்துணை நெறி அறிந்தவர் என்று நான் அப்போது வியந்தேன்.

பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அப்பெண்மணி அதைத் தலையில் சுமந்து வந்தார். லயத்தின் முன்னே சிறுவர்களும் பெரியவர்களும் நின்று கும்பிட்டார்கள். கருவறைக்கு வெளியே ஒரு பலகைமேல் அது இருந்தது. நாள்தோறும் அதற்குப் பூவும் சாத்தினோம். இரு வாரங்கள் கடந்தன. நான் அவற்றை எண்ணவில்லை.

பூசத்தன்று விடியலில் பூசாரியும் நானும் பெட்டியைத் திறந்தோம். கையில் எடுத்ததுமே எடை போதவில்லை. வேலின் இலைபோன்ற முகத்தின் விளிம்பில், இரண்டு பாதிகளை ஒட்டியது போல, முனையிலிருந்து அடிவரை நேரான கோடு ஒன்று ஓடியது. அபிடேகத்துக்கு முன் துலக்குவதற்காகப் பூசாரி புளியிட்டுத் தேய்த்தார். செம்மை அவர் விரலோடு வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிறத் தகடு தெரிந்தது.

“வாத்தியாரய்யா, என்னங்க இது? தோலு உரியுதே!”

இருவரும் வாசலைப் பார்த்தோம். ஈரத் தலையும் மஞ்சள் சேலையுமாக அப்பெண்மணி வந்துகொண்டிருந்தார். நாற்பத்தெட்டு நாள் விரதம். பூசாரி உரிந்த இடத்தில் சந்தனத்தை அப்பினார், நான் தடுக்கவில்லை. அப்பெண்மணி வேலைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கையால செஞ்சதுதானுங்களே?”

“ஆமாம், தங்கச்சி” என்றேன்.

வேல் பல்லக்கில் ஏறித் தோட்டத்தைச் சுற்றி வந்தது. அன்று பாடிய பதிகத்தில் மெய்யனே என்று இறைவனை அழைக்கும் அடி ஒன்று உண்டு. அந்த அடியை விட்டுவிட்டு அடுத்ததற்குச் சென்றேன். மேளச் சத்தத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாளே ஹட்டனுக்கு ஓடினேன். நானா சந்தைக்கு எழுதினார். தவணை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. விற்பனையாளருக்கு எழுதினார், அங்கிருந்து ஒரு திருநாமமும் வரவில்லை.

“கள்ளன் உங்கள நல்லாப் படிச்சிருக்கான், மாஸ்டர். பிரிக்க வேணாம் எண்டு சொல்லிட்டா நீங்க பிரிக்க மாட்டீங்க எண்டு தெரிஞ்சிருக்கு. நாங்க பள்ளிவாசலுக்குச் சாமான் எடுத்தாலும் கடையிலயே பிரிச்சுப் பார்த்துத்தான் கொண்டு போவோம். அல்லாஹ் அதுக்குக் கோவிக்க மாட்டான்.”

அப்பெண்மணியிடம் சொல்வதற்கு எனக்கு எட்டு நாள் ஆயிற்று. வேலை முடிந்து வந்து, கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றார். அனைத்தையும் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

“அப்ப என் நேத்தி?”

“தங்கச்சி, இறைவன் பொருளைப் பார்ப்பதில்லை. உள்ளத்தைத்தான்...”

“அத சாமி சொல்லட்டுங்க. நீங்க சொல்லாதீங்க.”

பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னார்: “விக்கிறவன் எங்கேயோ இருக்கிறான். அவனுக்கு என் மொகம் தெரியாது. நீங்க என் மொகத்தப் பாத்துதானே ஆமான்னீங்க?”

புதிய வேலுக்கு நான் பணம் தருவதாகச் சொன்னபோது, “நேந்தது நானுங்க” என்று மட்டும் கூறி உள்ளே சென்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு ஆவணியில் அவரே என்னைத் தேடி வந்தார். “ஹட்டனுக்குப் போவோமுங்க. எழுத மட்டும் வாங்க” என்றார்.

நானாவின் கணினிக்கு முன் நாற்காலியில் அவர் அமர்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். “முருகா முருகான்னு எழுதுற ஆளு வேணாம்” என்பது அவருடைய முதல் விதி. நானா சிரித்துவிட்டார். வாங்கியவர்கள் எழுதிய குறைகளை முதலிலும் புகழ்ச்சியைப் பிறகும் வாசிக்கச் சொன்னார் அப்பெண்மணி. பின்னர் அவர் கேட்கச் சொன்னவற்றை எழுதினேன். என்ன உலோகம், எவ்வளவு எடை, செய்ய எத்தனை நாள் ஆகும், பாதி வேலையில் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, பிடிக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா? நேர்த்தியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்றார்.

செம்பு வேலை செய்யும் கன்னார் ஒருவர் பதில் அனுப்பினார். செம்பு, எடை இவ்வளவு, இரண்டு மாதம் ஆகும், சுத்தியல் தழும்பு தெரியும், அது வேண்டாம் என்றால் வாங்க வேண்டாம். வணக்கம்கூட எழுதியிருக்கவில்லை.

“கோவக்கார மனுசன் போல இருக்கே” என்றார் அப்பெண்மணி. “இவருகிட்டயே எடுப்போம்.”

பாதி வேலையில் படம் வந்தது. பட்டறைத் தரையில் கறுத்த தகடு. பக்கத்தில் நகம் பிளந்த ஒரு கை. அந்தக் கையை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி வந்த நாளில் கத்தியை அவரே வாங்கிப் பிரித்தார். கடைவாசலில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பழக்கத்தினால் என் உடல் ஒருமுறை கூசியது. நானா தராசைக் கொண்டுவந்து நிறுத்துக் காட்டினார். எழுதிய எடை சரியாக இருந்தது. அப்பெண்மணி விளிம்பின்மேல் கட்டை விரலை ஓட்டினார். மேடும் பள்ளமுமாக இருந்த ஓரிடத்தில் விரல் நின்றது. “இங்க ஒரு அடி தப்பிப் போச்சு. கை அசந்திருக்கும்” என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

அன்று மாலை வேலைச் சாத்தினார்கள். பாடலாமா என்று கேட்டேன்.

“பாடுங்க. சாமிக்குத்தானே பாடுறீங்க” என்றார். பின் எனக்கு எதிர்ப்புறத்தில், தூணுக்கு அப்பால் போய் நின்றுகொண்டார். அதன்பிறகு அவர் எப்போதும் நிற்குமிடம் அதுவே ஆயிற்று. பேசுவார், நலம் விசாரிப்பார். என்னிடம் எதையும் உறுதிப்படுத்திக் கேட்பதில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் அனைவரும் நலமே வாழ்க. கண்ணால் காணாத கைகளிடம் பொருள் வாங்கும்போது கேட்கவேண்டியதைக் கேட்கும் துணிவும், வந்ததை அன்றே பிரித்துப் பார்க்கும் தெளிவும் உங்களுக்கு வாய்க்கட்டும். நேருக்கு நேர் நின்று ஒருவர் கேட்கும்போது உள்ளதை உள்ளவாறே சொல்லும் வாயையும் வேலவன் உங்களுக்கு அருள்வானாக.