மீட்டிங் அப்பா

எங்கள் சந்தில் ஒருவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஏழெட்டுப் பிள்ளைகள். சிமெண்ட் கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிற வாட்ச்மேன் அவர். பிள்ளைகள் 'மீட்டிங் அப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடம் இலவசம், அதில் பொய்யில்லை. புத்தகம்கூடக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் மாதம் தவறாமல் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள், அதுவும் வேலை நாளில், காலை நேரத்தில். பெரியவர்கள் யாரும் வராத பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது கொஞ்ச நேர விஷயம். எங்களைப் போன்ற அன்றாடங்காய்ச்சிகளுக்கு அன்றைய கூலி போய்விடும், அடிக்கடி போனால் வேலையே போய்விடும். இது டீச்சர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் கண்டுகொள்ளவில்லையா என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

வாட்ச்மேனுக்குப் பகலில்தான் தூக்கம். அந்தத் தூக்கத்தைத்தான் அவர் எங்களுக்காக விட்டுக்கொடுத்தார். கிடங்கிலிருந்து நேராக என் இஸ்திரி வண்டிக்கு வருவார். அவரிடம் இருந்த ஒரே நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன், என் மகனுக்கும் அவர்தானே ஆள். ஒரு வகுப்பில் அப்பா, அடுத்ததில் சித்தப்பா, மாடியில் தாய்மாமன். உறவு மாறிவிடக் கூடாதே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவார். எத்தனை சம்சாரம் என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று சீண்டினால், மனுஷன் வெட்கத்தில் நெளிவார்.

அவருக்கு ரொம்பப் பிடித்தவள் இறால்காரியின் மகள். அந்தத் தாய்க்கு ஏற்றுமதி ஷெட்டில் இறால் உரிக்கிற வேலை. புருஷன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். பெண் கணக்கில் புலி. அவளைப் பற்றி டீச்சர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாட்ச்மேன் சந்து முழுக்கத் தம்பட்டம் அடிப்பார்.

கூட்டத்துக்குத் தவறாமல் போன அவருடைய பொறுப்புதான் கடைசியில் எல்லார் தலையிலும் மண்ணை அள்ளிப் போட்டது. ஒரு கூட்டம்கூடத் தவறவிடாத தகப்பன் என்று அவரையே பெற்றோர் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அவர் வேண்டாம் என்றதை அடக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். தலைவர் பதவிக்கு அடையாள அட்டையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கேட்டார்கள். திருதிருவென்று விழித்தார். மாதாமாதம் சொல்லி வந்த பொய் அத்தனையையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

தலைமையாசிரியை கோபப்பட்டதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். நாளைக்கு எவனோ ஒருவன் அப்பா என்று வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்தானே பதில் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் நேரில் வந்தால்தான் பிள்ளைகள் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டார். நான் வண்டியை மூடிவிட்டுப் போனேன். மற்றவர்களும் எப்படியோ போனார்கள். இறால்காரி லீவு கேட்டபோது ஷெட்டில் சரக்கு அனுப்புகிற நேரம். போனால் திரும்பி வராதே என்றான் மேஸ்திரி. மகள் வெளியே நிற்கிறாளே என்று அவள் போனாள். மகளை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு ஓடி வந்தால், அவள் இடத்தில் வேறொருத்தி உரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் அழுது கெஞ்சியதில் மேஸ்திரி ஒன்றுக்குத்தான் இறங்கி வந்தான். மகளையும் கூட்டி வந்தால் இரண்டு பேருக்கும் வேலை தருவானாம். சின்ன விரலுக்கு இறால் வேகமாக உரியுமாம். சின்னப் பெண் என்பதால் தகப்பன் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டுமாம்.

இறால்காரி வாட்ச்மேன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை இவளுக்கு அப்பாவா வாங்கண்ணே."

"பள்ளிக்கூடத்துக்குன்னா ஆயிரம் பொய் சொல்லுவேன்மா. இதுக்கு எப்படிம்மா வருவேன்?"

"நீங்க வரலன்னா வீட்டுல அடுப்பு எரியாதுண்ணே."

மறுநாள் காலை மூன்று பேரும் சேர்ந்து போனார்கள். ஷெட் வாசலில் மேஸ்திரி அட்டையும் கேட்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை. "நீதானே அப்பன்?" என்று மட்டும் கேட்டான். வாட்ச்மேன் தலையாட்டினார். அவ்வளவுதான், அந்தப் பெண்ணை உள்ளே விட்டுவிட்டார்கள்.