பாதிப் படியில் நின்ற அம்மா

வெள்ளைச் சேலை கட்டிய அந்த அம்மா மாடிப்படியின் பாதியில் நின்று பைக்குள் எதையோ தேடுவார். பாளையங்கோட்டையிலிருந்து மிஷன் ஊழியத்துக்காகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த வயதான தம்பதி அவர்கள். சிராங்கூன் ரோட்டில் கீழே கடையும் மாடியில் வீடுமாக இருக்கும் கடைவீடுகளில் தினமும் வீடு வீடாக ஏறி ஜெபம் செய்வார்கள். ஐயா குடையோடு முன்னே போவார். பாட்டுப் புத்தகங்கள் நிறைந்த பை அம்மாவின் தோளில்.

அவர் தேடியது மூச்சை என்பது, நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நானே அவருக்கு எக்ஸ்ரே எடுத்த அன்றுதான் தெரிந்தது. இதயம் பெருத்திருந்தது. மாடியே ஏறக் கூடாது என்றார் டாக்டர்.

அடுத்த வாரமே அம்மா எங்கள் வீட்டுப் படியில் நின்றார்.

"ஐயாகிட்ட சொல்லலையா?" என்றேன்.

"நீயும் சொல்லிடாதம்மா. ஒருத்தருக்கு முடியலைன்னாலும் மிஷன்ல ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிடுவாங்க. இங்க பிள்ளைங்க என்கிட்ட பாட்டுப் படிக்குது. அங்க போனா மகன் வீட்டு அடுப்படிதான்."

மேலேயிருந்து ஐயா குரல் கொடுத்தார். "இன்னும் என்ன தேடுற? பாட்டு ஆரம்பிக்க வேணாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையைப் பிடுங்கிக்கொண்டு மேலே போய் அவர் கையில் திணித்தேன். "இனிமே இதை நீங்க தூக்குங்க, ஐயா."

ஐயா அதைத் தோளில் மாட்டிக்கொண்டார். அதற்கடுத்த வாரம், வெறுங்கையோடு வந்த அம்மா பாதிப் படியில் குனிந்து, அவிழாத செருப்பு வாரை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.