பித்தளைத் தகட்டில் பக்கத்து வீட்டு நம்பர்

சில வருடங்களுக்கு முன், புதுச்சேரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் எங்கள் பூனைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். சிப் வைத்துவிடலாமா என்று கேட்டார். அரிசி மணி அளவுதானாம், கழுத்துத் தோலுக்கு அடியில் ஊசியால் போட்டுவிடுவாராம். பூனை தொலைந்தால் கருவியைக் காட்டினால் ஓர் எண் வரும், அதை வைத்து எங்களைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கருவி விழுப்புரத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, எதற்கும் கழுத்துப்பட்டையில் ஒரு தகடும் மாட்டிவிடுங்கள் என்றார். தகடு விஷயத்தில் எனக்கு முன் அனுபவம் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் கணவரும் திண்டிவனத்தில் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியை. எங்களிடம் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது, வால் மட்டும் கறுப்பு. பெயர் வைக்கவில்லை. "வாடி" என்றால் வரும், மனசில்லை என்றால் வராது. ஒருமுறை காணாமல் போய், பிறகு அதுவாகவே திரும்பி வந்தது. அதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒரு தகடு மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன்.

பூனைத் தகடு என்று ஒன்றை அப்போது எந்தக் கடையில் போய்க் கேட்பது? பாத்திரக் கடைக்குப் போனேன். குடத்திலும் தட்டிலும் பேர் வெட்டித் தருகிறவர், எந்தக் கல்யாணத்துக்கு என்று கேட்டார். பூனைக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எட்டணா அளவில் ஒரு பித்தளைத் துண்டை எடுத்து, மிஷினை ஓடவிட்டு, நான் சொன்ன போன் நம்பரை எஸ்.டி.டி. கோடோடு வெட்டினார். பக்கத்தில் 'பி.பி.' என்றும் வெட்டச் சொன்னேன். அடுத்த வீட்டுப் போன் என்பதற்கு அந்தக் காலத்தில் எல்லோரும் போட்ட குறி அது. எங்களுக்கு ஏது போன்? பக்கத்து வீட்டு அக்காவிடம் இருந்தது. பள்ளிக்கூடம், பேங்க், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். பூனைக்கு மட்டும் வேறு நம்பருக்கு எங்கே போவது? பாவாடை எலாஸ்டிக்கில் தகட்டைக் கோத்து மாட்டிவிட்டேன்.

அந்த அக்காவுக்கோ பூனை என்றாலே ஆகாது. அவர் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். காலையில் டி.வி.எஸ்.ஸைக் கிளப்பினால் போதும், எங்கள் மகராசி மதிலிலிருந்து குதித்து அவருக்குக் குறுக்கே நடக்கும். அவர் வண்டியை நிறுத்தி, உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவார். அதற்குள் அது திரும்பி வந்துகொண்டிருக்கும். ஒருநாள் மண்டியில் விலை படுத்துவிட்டது. அக்கா என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"பூனை வளக்கிறியா, எங்க குடியக் கெடுக்கிறியா? தெனம் இதே பேஜாராப் போச்சு. கட்டிப் போட்டு வளக்க முடியாதா?"

"பூனையக் கட்டிப் போட்டு எங்கனாப் பாத்திருக்கீங்களாக்கா?" என்று நானும் கேட்டேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது. அதோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தது. நாங்கள் சாமான் ஏற்றியபோது அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

விழுப்புரம் வந்த முதல் வாரத்திலேயே பூனையைக் காணவில்லை. ரயில்வே கேட் வரை தேடினேன். மீன் மார்க்கெட்டில் விசாரித்தேன். சாப்பாடு இறங்கவில்லை. தகடு இருக்கிறதே என்று என் கணவர் தேற்றியபோதுதான் சுரீர் என்றது. யார் கண்டுபிடித்தாலும் போன் அந்த அக்காவுக்கல்லவா போகும்? எங்கள் புது விலாசம்கூட அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்வாரா?

ரோஷம் பார்த்துப் பார்த்துக் கடைசியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அக்காதான் எடுத்தார். என் குரலைக் கேட்டதும், "இப்பத்தான் போன் பண்ணத் தோணிச்சா?" என்றார். "விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரு எப்பவோ போன் பண்ணிட்டாரு. உன் விலாசம் எனக்கு எங்க தெரியும்? நானே வந்து கூட்டியாந்துட்டேன். வழியெல்லாம் மடியில குந்திக்கினு கத்திச்சு. பஸ்ஸே என்னத்தான் பாத்துச்சு."

பூத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. சகுனம் பார்க்கிற மனுஷி, பூனையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

மறுநாள் வயர் கூடையோடு விடிந்ததும் கிளம்பித் திண்டிவனம் போனேன். அக்கா வீட்டு வாசலில் அவர் வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றார். போகவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நேரமாவுது, ஜல்தியா அனுப்பு."

அக்கா பூனையைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். அது சோம்பல் முறித்துவிட்டு, சாவகாசமாக அவருக்குக் குறுக்கே நடந்தது. அவர் திருப்தியாகப் புறப்பட்டுப் போனார்.

"இது வந்ததுலர்ந்து மண்டியில நல்ல வெலை," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். "இது குறுக்க வராம அவரு கெளம்ப மாட்டேன்றாரு."

கூடையைப் பார்த்தார். பூனை அவர் காலில் உரசிக்கொண்டு நின்றது. "வாடி" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குள் போனது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் எரிச்சலோடு சிரிப்பும் வந்துவிட்டது. அக்கா கூடை நிறைய வேகவைத்த மல்லாட்டை போட்டுக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டே விழுப்புரம் திரும்பினேன்.

பிறகு பூத்தில் காசு கொடுத்து அடிக்கடி பூனையை விசாரிப்பேன். பூனைக் கதை முடிந்ததும் ஊர்க்கதை பேசுவோம். பிற்பாடு எல்லாப் போன் நம்பர்களுக்கும் முன்னால் ஓர் இரண்டு சேர்ந்தபோது, அக்கா அதே பாத்திரக் கடைக்குப் போய்த் தகட்டில் அந்த இரண்டை வெட்டி வாங்கி வந்தார். பி.பி. என்பதை அடித்து அழிக்கச் சொல்லிவிட்டார். வயதாகிப் போய்ச் சேரும் வரை பூனை அங்கேதான் இருந்தது.

இப்போதைய பூனைக்குச் சிப் வைத்த அன்று, இன்னொரு நம்பர் இருந்தால் நல்லது என்றார் மருத்துவர். யோசிக்காமல் அக்கா நம்பரைச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பூனை தொலைஞ்சா உங்களுக்குத்தான் போன் வரும்க்கா. பத்திரமாக் கொண்டாந்து குடுத்துடணும்."

"போன தடவை குடுத்தேனா?" என்றார் அக்கா.