பத்தியம் இல்லாத மருந்து

என் வீட்டுக்காரருக்குப் பாட வராது. அவரைத் தவிர மயிலாப்பூரில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் மார்கழி விடியலில் மாடவீதி பஜனையில் அவர் குரல்தான் முதலில் கேட்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம் அவருக்கு இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. லஸ் பக்கத்து டாக்டர் டிஜிடாலிஸ் என்ற இதய மருந்தை மிக்ஸ்சராகக் கலக்கிக் கொடுத்தார். நாட்டு மருந்துக்குப் புளியும் கத்தரிக்காயும் விட்டே பழகியவர் ஆயிற்றே, இவர் பத்தியம் என்னவென்று கேட்டார். டாக்டர் சிரித்தார். "எங்க மருந்துக்குப் பத்தியமே கிடையாது, ஓய். எல்லாம் சாப்பிடும்."

ஐயோ, அந்த ஒரு வார்த்தை போதாதா! மருந்தில் வீக்கம் வடிந்தது. மார்கழி பிறந்ததும் தொண்டைக்கென்று அதிமதுரம் வாங்கிக் குவித்தார். பொழுதுக்கும் வாயில் ஒரு துண்டு வேர்.

"கரும்பாட்டம் மெல்லாதேங்கோ."

"டாக்டரே பத்தியம் இல்லேன்னுட்டார். நீ யாருடி?"

மாதக் கடைசியில் சோறு வேண்டாம் என்றார். பிறகு வேட்டியைத் தூக்கிக் காட்டி, "ஏண்டி, மஞ்சத் தண்ணியிலயா தோய்ச்சே?" என்றார். வெள்ளைவெளேர் என்றிருந்த வேட்டி! எனக்கு வந்த கோபத்தில், "கண்ணை அலம்பிண்டு பாருங்கோ" என்று கத்தினேன். சுவரும் மஞ்சள் என்றார். அப்படியே வாந்தி எடுத்துச் சாய்ந்தார். டாக்டருக்கு ஆள் அனுப்பினேன்.

டாக்டர் வந்து நாடி பார்த்தார். தயங்கித் தயங்கி அடித்தது. நடுவில் விட்டும் போனது. "வாந்தியும், கண்ணுக்கு மஞ்சளாத் தெரியறதும் இந்த மருந்து மிஞ்சினா வர்றது. மருந்து அதே அளவுதானே? புதுசா என்ன சாப்பிட்டார்?" என்றார். இவர் கடைவாயில் இருந்த வேர்ச் சக்கையை எடுத்துக் காட்டினேன். டாக்டர் திகைத்துப் போனார்.

"நான் படிச்ச புஸ்தகத்துல இது இல்லைம்மா. ஆனா ரெண்டும் சேர்ந்துதான் படுத்தறதோன்னு சந்தேகமா இருக்கு. ரெண்டையும் நிறுத்துங்கோ."

பயந்து செத்தேன். மெல்ல நாடி சீரானது, அவர் கண்ணுக்கு வேட்டியும் வெளுத்தது. டாக்டர் மிக்ஸ்சரைக் குறைத்துக் கொடுத்தார். அதிமதுரத்தை நான் குப்பையில் கொட்டினேன்.

"இப்பவாவது பத்தியம் உண்டா?" என்று இவர் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "உண்டு, ஓய். வாயில எதைப் போட்டுண்டாலும் முதல்ல என்கிட்ட சொல்லணும்."

அடுத்த மார்கழியில் வேர் இல்லாமலே பாடக் கிளம்பினார். தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் ஒரு சப்தம். பக்கத்தாத்து மாமி ஜன்னலைச் சாத்தினாள். நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்று, அவர் தெருக்கோடி திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். தாயே கற்பகாம்பா, இந்தக் குரல் மட்டும் நிற்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.